மாத்திரை வரட்டும் வீட்டுக்கு, ஏடு வரவேண்டாம்!

ஓசூரில் நம் தோழர் ஒருவர். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு ஆண்டுகள் லேத் முன்னால் நின்று, இரும்பைச் சீவிச் சீவித் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஊர்வலம் என்றால் முதல் வரிசையில் கொடி பிடித்து நடப்பார். பொதுக்கூட்டம் என்றால் கடைசி ஆள் கலையும்வரை நிற்பார்; நாற்காலிகளை எண்ணி அடுக்கி, ஒலிபெருக்கிக்காரரை வண்டி ஏற்றி அனுப்பிய பிறகுதான் வீடு திரும்புவார். அத்தகையவர், சென்ற ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பேருந்திலிருந்து இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். எல்லை தாண்டிப் பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். அடைபட்ட குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். நாம் மகிழ்ந்தோம்.

தை பிறந்தபின் பார்க்கப் போனோம். வாசலில் நாற்காலி; நாற்காலியில் தோழர். மடியில் நம் ஏடு, மகன் காலையில் வாங்கி வந்து கொடுத்தது. பக்கத்தில் வெந்நீர்ச் செம்பு. கழுத்தைச் சுற்றி மப்ளர். நம்மைக் கண்டதும் எழ முயன்றார். "நீங்க உட்காருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல், "அப்பா, எழாதீங்க" என்று இன்னொரு குரல். உட்கார்ந்துவிட்டார். ஆலைக் கதவடைப்பின்போது எத்தனை பேர் மிரட்டியும் உட்காராத மனிதர்!

"நடக்கிறீர்களா அண்ணா?" என்று கேட்டோம்.

"நடக்கறதா? தம்பி, இருபத்தாறு வருஷம் நின்னேன், நடந்தேன், தூக்கினேன். இதுக்கு மேல என்ன நடை? நெஞ்சு ஓய்வு கேக்குது. கொடுத்துட்டுப் போறேன்."

அண்ணியார் சொன்னார்: "டாக்டரு நடக்கத்தான் சொன்னாரு. வழியில ஒண்ணு ஆயிட்டா? நாங்கதான் விடலை."

இதில் யார்மீது குறை சொல்வது? அன்பு செய்த வேலை இது. மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பத்து மாத்திரைகளுக்கு வேளையும் அளவும் தெளிவாக எழுதியிருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்: நடக்கவும். எவ்வளவு தூரம்? எந்த நேரம்? எப்போது நிறுத்துவது? நெஞ்சு அடித்துக்கொண்டால் என்ன செய்வது? ஒன்றும் இல்லை. பத்து மாத்திரைக்குப் பத்து வரி. வாழ்நாள் முழுவதும் செய்யவேண்டிய ஒன்றுக்கு ஒரே ஒரு சொல்!

நம் தோழர் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மருந்துக்காக மனிதன் அலைந்தது போதும், மனிதனைத் தேடி மருந்து வரட்டும் என்றார்கள். குருதிக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பையில் சுமந்துகொண்டு மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். முடங்கிக் கிடந்தவரின் கைகால்களை அசைத்துப் பயிற்சி கொடுக்க இயன்முறை மருத்துவர் வந்தார். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்பு ஒன்று இதைப் பாராட்டி விருது தந்தது. அதே ஆண்டில், ஆலைக்குள்ளேயே சென்று சோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெருமைக்குரியவைதான், மறுப்பார் யார்?

ஆனால் தோழர்களே, மாத்திரையைப் பொட்டலம் கட்டி வாசலில் கொடுத்துவிடலாம். நடையைப் பொட்டலம் கட்ட முடியுமா? நோயாளிக்குப் பதிலாக அரசு நடக்க முடியுமா? மருத்துவர் நடக்க முடியுமா? மகன்தான் நடக்க முடியுமா? அவர் கால் அவரைத்தான் சுமக்கும். அந்தக் காலை எழுப்புவது எது? அதைத்தான் பேச வந்தோம்.

முதலில் ஓய்வின் கதையைப் பார்ப்போம். தோழர் மட்டுமா ஓய்வை நம்பினார்? உலகத்துப் பெரிய மருத்துவர்களெல்லாம் நம்பினார்கள். மாரடைப்பு வந்தவனை ஆறு வாரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சோற்றைக்கூடச் செவிலி ஊட்டினார். படுத்த காலில் குருதி உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறிச் செத்தவர்கள் உண்டு. 1952-இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவின் என்பவரும் அவருடைய துணைவர் பெர்னார்ட் லவுனும், நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று சொன்னபோது, கொலைகாரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நாற்காலியே அன்று புரட்சி! 1955-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட் தாமே மிதிவண்டி மிதிப்பவர். மூலையில் முடங்கவிடாமல் அளவாக நடமாட வைத்தார். மறு ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்றார், வென்றார்.

இவர்களுக்கெல்லாம் முந்தி, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் நெஞ்சுவலிக்காரர்களைப் பற்றி எழுதும்போது, நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த மனிதரின் பெயரை எழுதவில்லை. உழைத்தவனின் பெயர் ஏட்டில் ஏறாதது புதிதா என்ன!

எப்படிக் குணம் தருகிறது நடை? அடைத்த குழாயை அது அரம் போட்டுத் தேய்த்துவிடுவதில்லை. காலின் தசைகள், குருதி கொண்டுவரும் உயிர்க்காற்றை மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். குழாயின் உட்சுவர் இறுக்கம் விட்டு விரிந்து கொடுக்கிறது, கொதிப்பு இறங்குகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது. பழைய பம்பைக் கழற்றி மாட்டாமலே, வாய்க்காலைச் சரிசெய்து வயலுக்கு நீர் பாய்ச்சுகிற மாதிரி.

கணக்கும் இருக்கிறது. இதய நோயாளிகள் 23,000 பேருக்கு மேல் பங்கேற்ற 85 ஆய்வுகளைக் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர் 2021-இல் ஒருசேர வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடையே இதய நோயால் நேரும் சாவு குறைவு. மறுபடி மாரடைப்பு குறைவு. மருத்துவமனைக்குத் திரும்பிப் போவதும் குறைவு. நம் நாட்டிலும் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து பிழைத்த ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகப் பயிற்சி முறை ஒன்றைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சாவு குறைந்ததென்று அதில் உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்கு, பழைய நடமாட்டத்துக்கு நன்றாகத் திரும்பினார்கள். கையில் தொழில் வைத்திருப்பவனுக்கு அது சின்னச் செய்தியா?

நமக்கு அவசரம் அதிகம் என்பதற்கும் சான்று உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த பேராய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் வயது ஏறத்தாழ 53. மற்ற நாட்டாருக்கு 59. பிள்ளைகள் கரையேறும் முன்பே நமக்கு வந்துவிடுகிறது.

சரி, தோழர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். "நாள் முழுக்க உழைத்தேனே, அது பயிற்சி இல்லையா?" ஓசூர் சிப்காட்டிலிருந்து கிருஷ்ணகிரிவரை எந்தப் பட்டறையில் கேட்டாலும் இதே கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடி லண்டன் மாநகரப் பேருந்தில் ஏறவேண்டும்.

ஜெர்ரி மோரிஸ் என்றொரு மருத்துவர். கிளாஸ்கோவின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர். லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்த தொழிலாளர்களை ஆராய்ந்து, 1953-இல் 'லான்செட்' ஏட்டில் முடிவை எழுதினார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம், ஒரே தெரு. ஓட்டுநர் உட்கார்ந்தே இருக்கிறார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு யாருக்கு அதிகம்? ஓட்டுநருக்கு! அதிலும் வந்த வேகத்தில் செத்துப் போவது ஓட்டுநரே அதிகம். "ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே பருத்தவராக இருந்திருப்பார்" என்று சிலர் மறுத்தார்கள். மோரிஸ் என்ன செய்தார் தெரியுமா? நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநரின் இடுப்பு பெரிதுதான் என்பதை ஒப்புக்கொண்டு, ஒளிக்காமல் அதையும் எழுதினார். ஒல்லியான ஓட்டுநருக்கும் நடத்துநரைவிட ஆபத்து அதிகம் என்று பிறகு காட்டினார். தமக்குப் பாதகமான கணக்கையும் தாமே தேடிப்போன அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். அவர் 2009-இல் மறைந்தபோது வயது 99.

"பார்த்தீர்களா, நடத்துநருக்கு வேலையே பயிற்சி! எனக்கும் அப்படித்தானே?" என்பார் தோழர். இல்லை. நடத்துநர் ஏறுகிறார், இறங்குகிறார், நிற்கிறார், மறுபடி ஏறுகிறார். கால் அசைகிறது, இடையிடையே இளைப்பாறுகிறது. லேத் முன்னால் நிற்பவர்? எட்டு மணி நேரம் ஒரே இடம். கால் அசையாது, முதுகு வளையும், பாரம் தூக்குவார், சூடு, இரைச்சல், மேஸ்திரியின் கடிகாரம். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இல்லை. நாடித் துடிப்பும் கொதிப்பும் மணிக்கணக்கில் ஏறியே நிற்கும். இறங்க இடைவேளை கிடையாது. வேலைநேர உழைப்பு ஒன்று, ஓய்வுநேரப் பயிற்சி வேறொன்று. இரண்டும் நெஞ்சுக்கு ஒரே பலன் தருவதில்லை என்று டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். உழைப்பு தோழரைக் களைக்க வைத்தது. அவர் நெஞ்சை வளர்க்கவில்லை. முதலாளிக்குக் கொடுத்தது எட்டு மணி. நெஞ்சுக்குக் கேட்பது அரைமணி.

இவ்வளவையும் தோழரிடம் சொன்னோம். லண்டன் பேருந்துக் கதையை ரசித்துக் கேட்டார். இடுப்பளவு வந்ததும் சிரித்தார். மறுவாரம் போய்ப் பார்த்தோம். அதே நாற்காலி!

அப்போதுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. அறிவு குறைவால் உட்கார்ந்திருக்கவில்லை அவர். மேடையில் இரண்டு மணி நேரம் பேசி மக்களை எழுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிற நமக்கு, ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை. விட்டு விட்டுப் பேசிப் பார்த்ததில், உள்ளே கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அச்சம் தெரிந்ததே. அதற்கும் அடியில் வெட்கம் இருந்தது. "காலையில வெள்ளை ஷூ போட்டுட்டு நடக்கறவங்க பெங்களூரு கம்ப்யூட்டர்காரங்க தம்பி. நான் லுங்கியோட நடந்தா, வேலைவெட்டி இல்லாம சுத்தறான்னு தெருவே சொல்லும்." இன்னொன்று, எல்லாவற்றையும்விடக் கசப்பானது. தோழரின் வேலை கடைசிச் சில ஆண்டுகளாக ஒப்பந்தக்காரர் வழியாக வந்த வேலை. "நெஞ்சுவலி ஆளுன்னு தெரிஞ்சா கேட்டுக்குள்ள விடுவானா? காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கோம்." தினம் நடந்தால் தெரு கேட்கும், தெரு கேட்டால் ஆலைக்குத் தெரியும். நோயை மறைத்தால்தான் சோறு. மறைத்தால் நடக்க முடியாது. இந்த முடிச்சை எந்த மருத்துவச் சீட்டு அவிழ்க்கும்? நடக்க மனமில்லை, சோம்பேறி என்று நோயாளியைத் திட்டுகிறவர்கள், அவன் மனத்தைக் கட்டிப் போட்டிருக்கும் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும்.

மனம் எப்படி எழும் என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளநூலார் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் மூன்றைச் சொல்கிறார்கள். இது என் விருப்பம் என்ற எண்ணம். என்னால் முடியும் என்ற உறுதி. என்னோடு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வு. மிரட்டலுக்கும் நச்சரிப்புக்கும் பயந்து நடக்கத் தொடங்கியவன், மிரட்டல் ஓய்ந்ததும் நின்றுவிடுகிறான். தனக்கென்று ஒரு காரணம் வைத்திருப்பவன் நீடிக்கிறான். "நடக்காவிட்டால் செத்துப் போவாய்" என்று எத்தனை பேர் தோழரிடம் சொன்னார்கள்! அவர் அதற்குத்தான் ஆயத்தமாக உட்கார்ந்திருந்தார்.

தோழரின் காரணம் எது? தேடினோம். அது அவர் மடியிலேயே கிடந்தது: ஏடு!

நோய்க்கு முன்னால், காலை ஷிப்டு இல்லாத நாளெல்லாம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் படிப்பகத்தில் நம் ஏட்டை உரக்கப் படித்துக் காட்டுவது அவர்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத முதியவர்களும், தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசித் தமிழைக் காதால் மட்டும் அறிந்தவர்களும் அவர் குரலுக்காக வருவார்கள். தலையங்கத்தில் எங்கே குரலை உயர்த்தவேண்டும், எங்கே நிறுத்திக் கண்ணாடியைத் துடைக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுதிய நமக்கே, "இவ்வளவு நன்றாகவா எழுதினோம்!" என்று தோன்றும்.

ஆகவே ஒரு சதி செய்தோம். அவர் மகனை அழைத்தோம். "மாத்திரை வீட்டுக்கு வரட்டும். ஏடு வரவேண்டாம்" என்றோம். விற்பனைக்கு ஏங்குகிற ஏட்டில் எழுதுகிறவர்கள் இப்படிச் சொன்னோம் என்பதை நிர்வாகத்தார் மன்னிப்பார்களாக!

சதிக்கு முன் மருத்துவரைக் கேட்டோம். இதை அழுத்திச் சொல்கிறோம். அரசு மருத்துவர் ஒருவர் தோழரை நடக்க வைத்துப் பார்த்து, இதயத் துடிப்பு வரைபடம் எடுத்து, இவ்வளவு நடக்கலாம் என்று வரையறுத்துக் கொடுத்தார். அசையாமல் இருக்கும்போதே வலி வருபவர், சில நாட்களாக வலி கூடிக்கொண்டே போகிறவர், கால் வீங்கி மூச்சு வாங்குகிறவர் ஆகியோர் மருத்துவர் சொல்லும்வரை நடைக்குப் போகக்கூடாது. அடங்கிய நோயுள்ளவருக்கு அளவு இது: முதலில் ஐந்து நிமிடம், அல்லது பத்து. வாரந்தோறும் சில நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவுகோல். நாடியை எண்ணி அளக்கலாமே என்றால், இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு ஏமாற்றும். தொடக்கத்தில் மெதுவாக, முடிவிலும் மெதுவாக. ஓடிய பேருந்து சட்டென்று நிற்பதுபோல் நிற்கக்கூடாது. சாப்பிட்டதும் நடக்கக்கூடாது. ஓசூர்க் குளிரில் மார்கழி, தை விடியலில் நடக்கவே கூடாது. குளிர் குழாயைச் சுருக்கும், வெயில் ஏறட்டும். நெஞ்சு இறுகினால், தாடையோ கையோ வலித்தால், வியர்த்துத் தலை சுற்றினால் அங்கேயே உட்காரவேண்டும். மருத்துவர் கொடுத்திருக்கும் நாக்கடி மாத்திரை சட்டைப் பையில் இருக்கவேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல. வலி அடங்காவிட்டால் 108. தனியாக நடக்கக்கூடாது என்பதை நாம் சேர்த்துக்கொண்டோம்.

2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் எட்டு கிலோமீட்டர் என்ற பலகையைப் பார்த்ததும் நம் தோழரைப் போன்றவர் திரும்பி நாற்காலிக்கே போய்விடுவார். அவருடைய வீட்டிலிருந்து படிப்பகம் நானூறு எட்டு. எண்ணித்தான் சொல்கிறோம்.

முதல் நாள் ஏடு வரவில்லை. மகனிடம் சினந்தார். இரண்டாம் நாளும் வரவில்லை; நமக்கு ஆள் அனுப்பினார். "படிப்பகத்தில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள், வெயில் ஏறியபின், லுங்கியும் மப்ளருமாகப் புறப்பட்டார். அண்ணியார் இரண்டடி பின்னால். பாதி வழியில், கட்டிங் கடைத் திண்ணையில் உட்கார்ந்தார். "வேண்டாம்னு சொன்னேனே" என்றார் அண்ணியார். "சும்மா இரு, மூச்சு வாங்கல. முடி வெட்டறதைப் பாக்கறேன்" என்றார் தோழர். படிப்பகத்தில் ஏழு பேர் இருந்தார்கள். யாரும் நலம் விசாரிக்கவில்லை, அப்படி ஏற்பாடு. ஏட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

இன்று தோழர் படிப்பகத்தோடு நிற்பதில்லை. படித்து முடித்ததும் நாலைந்து பேர் கூட ஏரிக்கரைவரை போய் வருகிறார்கள். அந்த நாலைந்தில் இன்னும் இருவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், அதே தெருக்காரர்கள்! இத்தனை நாள் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள். கூட்டமாக நடப்பவரைப் பார்த்து நோயாளி என்று தெரு சொல்வதில்லை, கட்சிக்காரர் என்கிறது. வெட்கம் தீர்ந்தது. ஒப்பந்தக்காரரின் முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலையை, நோயைச் சொல்லியே கேட்டுப் பெறுவது எப்படி என்று தொழிற்சங்கத் தோழர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவரின் சான்று கையில் இருக்கிறது. நடையின் நாள்கணக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வர எட்டேகால் ஆகிவிட்டது. அதற்குள் இளைஞர் ஒருவர் தலையங்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார். தோழர் வாசலிலேயே நின்று கேட்டார். முகம் கோணிற்று. "கமாவே இல்லாம படிக்கறான் தம்பி, ரயிலு மாதிரி" என்று நம்மிடம் முறையிட்டார். மறுநாள் ஏழே காலுக்கே வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாராம். சாவி வைத்திருக்கும் நாம் எட்டு மணிக்குத்தான் வருவோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தும்.